மல்டிலெவல் மாடல் புதுசா பண்றவங்களுக்கு: பேப்பர்ல படம் போடறதுல இருந்து ரிப்போர்ட் எழுதற வரைக்கும்

மல்டிலெவல் மாடல்னா, ஆளுங்க ஏரியா மாதிரி கூட்டங்களுக்குள்ள இருக்கறதையும் கணக்குல எடுத்துக்கற ரெக்ரஷன். ஒரு சர்வே டேட்டா கைக்கு வருதுன்னு வச்சுக்கோங்க, 40 ஏரியா, ஏரியாவுக்கு 25 பேர், மொத்தம் 1000 பேரோட ரத்த அழுத்தம், வயசு, எடை, வருமானம் எல்லாம் இருக்கு, கூடவே அந்த ஏரியாவுல நடக்கறதுக்கு பார்க் இருக்கா இல்லையான்னு ஒரு காலமும் (டேபிள்ல ஒரு நெடுவரிசை) இருக்கு. உடனே என்ன பண்ணுவோம், எல்லாத்தையும் அள்ளி ஒரு சாதா ரெக்ரஷன்ல போட்டு, பி வேல்யூ (உண்மையில தொடர்பே இல்லன்னாலும் தற்செயலா இப்டி வர எவ்ளோ வாய்ப்புங்கற நம்பர்) 0.05க்கு கீழ வந்ததுக்கெல்லாம் ஸ்டார் போட்டு சந்தோஷமா ரிப்போர்ட் எழுத உக்காந்துருவோம். நானும் அப்டித்தான் ஆரம்பிச்சேன். பார்க்குக்கு மூணு ஸ்டார் வந்துச்சு. ரிசல்ட்டைப் பார்த்த ஒரு சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "பார்க் இருக்கா இல்லையாங்கறதுக்கு உன்கிட்ட எத்தனை டேட்டா இருக்கு?" நான் 1000ன்னேன். "இல்ல, 40"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அந்த 40 ஏன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒரே ஏரியாவுல இருக்கறவங்க ஒரே தண்ணி, ஒரே காத்து, ஒரே கிளினிக், கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை, அதனால ஒருத்தரைப் பார்த்துட்டா பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தியும் கொஞ்சம் தெரிஞ்சு போயிடுது, 25வது ஆள்கிட்ட இருந்து புதுசா கிடைக்கிற தகவல் கம்மி. ஆனா சாதா ரெக்ரஷனுக்கு இது தெரியாது, ஒவ்வொரு வரியும் தனித்தனி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லைன்னு நம்பிக்கிட்டு ஸ்டாண்டர்ட் எரரை (நம்ம மதிப்பீடு எவ்ளோ தடுமாறலாம்ங்கற அளவு) சின்னதா காட்டிரும்.

எவ்ளோ சின்னதுன்னு கணக்குப் போட ஒரு எளிய ஃபார்முலா இருக்கு, டிசைன் எஃபெக்ட்னு சொல்வாங்க: 1 + (ஒரு ஏரியாவுல இருக்கற ஆளுங்க எண்ணிக்கை − 1) × ஐசிசி. ஐசிசின்னா (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) இப்போதைக்கு "ஒரே ஏரியா ஆளுங்க எவ்ளோ ஒத்துப்போறாங்க"ங்கற அளவுன்னு எடுத்துக்கோங்க. ஐசிசி 0.05ன்னா 1 + 24 × 0.05 = 2.2. அதாவது உங்க 1000 பேர் உண்மையில சுமார் 455 பேருக்குத்தான் சமம். "0.05 தானே, விட்டுரலாம்"னு நினைக்காதீங்க. 10 ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு 500 பேர், ஐசிசி வெறும் 0.01தான்னாலும் 1 + 499 × 0.01, கிட்டத்தட்ட 6. 5000 பேரோட டேட்டா 835 பேர் டேட்டாவா சுருங்கிடுச்சு பாருங்க. ஐசிசி சின்னதா இருந்தாலும் கிளஸ்டர் (ஏரியா, ஆஸ்பத்திரி மாதிரி ஒரு கூட்டம்) பெருசா இருந்தா அடி பலமா விழும்.

ஒண்ணு மட்டும், இந்தக் கணக்கு பார்க் மாதிரி ஏரியா அளவுல இருக்கற வேரியபிளுக்கும் மொத்த சராசரிக்கும்தான் அப்டியே பொருந்தும். வயசு மாதிரி ஏரியாவுக்குள்ளயே ஆளுக்கு ஆள் மாறுற வேரியபிளுக்கு மல்டிலெவல் போட்டா ஸ்டாண்டர்ட் எரர் சில சமயம் குறையவும் செய்யும். "மல்டிலெவல் போட்டா எல்லா பி வேல்யூவும் பெருசாகும்"னு நிறைய பேர் சொல்றது சரியில்ல.

அப்புறம், ஸ்டாண்டர்ட் எரரைச் சரி பண்றது மட்டும்தான் உங்க தேவைன்னா இவ்ளோ தூரம் வர வேண்டியதே இல்ல, கிளஸ்டர் ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர் (கிளஸ்டரைக் கணக்குல எடுத்துத் திருத்தினது) போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம், இல்லன்னா ஜிஇஇ (ஜெனரலைஸ்ட் எஸ்டிமேட்டிங் ஈக்வேஷன்ஸ்ங்கற முறை). மல்டிலெவலுக்கு வர்றது வேற ஒரு கேள்விக்காக: ரத்த அழுத்தம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுதே, அந்த வித்தியாசத்துல எவ்ளோ ஆளுக்குள்ள இருக்கு, எவ்ளோ அவங்க இருக்கற இடத்துல இருக்கு? அந்தக் கேள்வி உங்களுக்கு இருக்கான்னு மொதல்ல பாருங்க.

மொதல்ல பேப்பர், அப்புறம் கம்ப்யூட்டர்

சாஃப்ட்வேரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல யாரு யாருக்குள்ள இருக்காங்கன்னு படம் போடுங்க. ஆளுங்க வீட்டுக்குள்ள, வீடு ஏரியாவுக்குள்ள, ஏரியா மாவட்டத்துக்குள்ள. ஒரே ஆளை அஞ்சு தடவை அளந்திருந்தா அந்த அஞ்சு விசிட்தான் அடிமட்டம், ஆள் ரெண்டாவது மட்டம் (லெவல்). இது நிறைய பேருக்கு மொதல்ல குழப்பும், "ஆள்தானே எப்பவும் கீழ இருக்கணும்"னு. அப்டி ஒரு விதி இல்ல, எதை அளந்தீங்களோ அதுதான் கீழ.

எது மட்டம், எது வெறும் வேரியபிள்ங்கறதுலயும் தடுமாறுவாங்க. ஆண் பெண்ங்கறது மட்டம் கிடையாது, ஏன்னா அது ஒரு பெரிய கூட்டத்துல இருந்து சாம்பிளா எடுத்த ரெண்டு கிடையாது, இருக்கறதே அதான். 40 ஏரியா அப்டி இல்ல, இன்னும் நூத்துக்கணக்கான ஏரியாவுல இருந்து எடுத்த 40, எடுக்காத ஏரியாவைப் பத்தியும் நமக்குச் சொல்லணும். அதனால அது மட்டம்.

சில சமயம் படம் ஒழுங்கா அடுக்கடுக்கா வராது. ஒரே ஏரியாக்காரங்க மூணு ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, ஒரே ஆஸ்பத்திரிக்கு பத்து ஏரியாவுல இருந்து வருவாங்க. ஏரியா ஆஸ்பத்திரிக்குள்ளயும் அடங்கல, ஆஸ்பத்திரி ஏரியாவுக்குள்ளயும் அடங்கல, ரெண்டும் குறுக்க வெட்டிக்குது. இதுக்கு கிராஸ் கிளாசிஃபைட் மாடல்னு பேர், பண்ணவும் முடியும், ஆனா மொத ப்ராஜெக்ட்டா இதை எடுக்காதீங்க.

டேட்டாவுல பார்க்க வேண்டியது

இங்கதான் நெறைய பேர் மாட்டுவாங்க, மாடல்ல இல்ல. டிஎச்எஸ் (பல நாடுகள்ல நடக்கற டெமோகிராஃபிக் அண்ட் ஹெல்த் சர்வே) டேட்டாவை எடுத்துக்கோங்க, அதுல கிளஸ்டர் நம்பர் வி001ங்கற காலத்துல இருக்கும், வீட்டு நம்பர் வி002ல இருக்கும். ஒவ்வொரு சர்வேலயும் கிளஸ்டர் நம்பர் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். நீங்க மூணு நாட்டு டேட்டாவையோ ரெண்டு வருஷ டேட்டாவையோ ஒண்ணா சேர்த்துட்டு வி001ஐ அப்டியே குடுத்தீங்கன்னா, ஒரு நாட்டோட 1ம் நம்பர் கிளஸ்டரும் இன்னொரு நாட்டோட 1ம் நம்பர் கிளஸ்டரும் ஒரே இடம்னு மாடல் நினைச்சுக்கும், எரர் எதுவும் வராது, ரிசல்ட் மட்டும் தப்பா வரும். அதே மாதிரி வி002ம் ஒவ்வொரு கிளஸ்டருக்குள்ளயும் திரும்பத் திரும்ப வரும். அதனால நாடு, வருஷம், கிளஸ்டர் மூணையும் ஒட்டி ஒரு புது ஐடி செஞ்சுக்கோங்க, வீட்டுக்கும் அப்டியே. செஞ்சதுக்கு அப்புறம் மொத்தம் எத்தனை தனி ஐடி வருதுன்னு எண்ணிப் பாருங்க, சர்வே ரிப்போர்ட்ல சொன்ன எண்ணிக்கையோட ஒத்துப்போகணும்.

கூடவே ஒவ்வொரு கிளஸ்டர்லயும் எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு டேபிள் போடுங்க. சிலதுல ரெண்டு பேர், சிலதுல அறுபது பேர்னு இருந்தா பரவாயில்ல, மாடல் சமாளிச்சுக்கும். ஆனா பாதிக்கு மேல ஒத்தை ஆள் கிளஸ்டரா இருந்தா (வீட்டை மட்டமா வச்சா இது அடிக்கடி நடக்கும்) அந்த மட்டத்தைப் பத்திச் சொல்ல உங்ககிட்ட டேட்டா இல்லைன்னு அர்த்தம்.

காலி மாடல்

இப்போ சாஃப்ட்வேர். ஆர்ல எல்எம்இ4 பேக்கேஜ், ஸ்டேட்டால மிக்ஸட் கமாண்ட், எஸ்ஏஎஸ்ல ப்ராக் மிக்ஸட், பைத்தான்ல ஸ்டேட்ஸ்மாடல்ஸ், எது கைக்கு வருதோ அதை எடுத்துக்கோங்க. மிக்ஸட் மாடல், ஹையரார்கிக்கல் மாடல், ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடல்னு வேற வேற பேர்ல சொல்வாங்க, பெரும்பாலும் இதேதான், பேரைப் பார்த்து பயப்படாதீங்க.

மொத மாடல்ல எந்த வேரியபிளும் போடக்கூடாது. ஆர்ல எழுதற மாதிரி எழுதினா இவ்ளோதான்:

பிபி ~ 1 + (1 | ஏரியா)

அடைப்புக்குள்ள இருக்கறது என்ன சொல்லுதுன்னா, ஒவ்வொரு ஏரியாவுக்கும் அதோட சொந்த சராசரி இருக்கட்டும், மொத்த சராசரியில இருந்து ஏறியோ இறங்கியோ, அதான் ரேண்டம் இன்டர்செப்ட். இதுல கிடைக்கறது மூணே நம்பர். நம்ம கணக்குக்காக இப்டி வந்துச்சுன்னு வச்சுக்குவோம்: மொத்த சராசரி 130, ஏரியாக்களுக்கு இடையில வேரியன்ஸ் (பரவலோட அளவு) 16, ஏரியாவுக்குள்ள ஆளுங்களுக்கு இடையில வேரியன்ஸ் 304. ஐசிசி = 16 ÷ (16 + 304) = 0.05. வித்தியாசத்துல 5 சதவீதம் இடத்துல இருக்கு, 95 சதவீதம் ஆளுங்ககிட்ட இருக்கு.

"அஞ்சு சதவீதமா, அப்போ இடம் முக்கியமே இல்லையா"ன்னு இந்த இடத்துல மூடி வச்சுட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன். அவசரப்படாதீங்க. வேரியன்ஸ்ங்கறது ஸ்கொயர் பண்ண நம்பர், 16க்கு ஸ்கொயர் ரூட் எடுத்தா 4. அப்போ 95 சதவீத ஏரியாவோட உண்மையான சராசரி 130க்கு ரெண்டு பக்கமும் சுமார் 8க்குள்ள, அதாவது 122ல இருந்து 138 வரைக்கும் பரவி இருக்கு. ஒரு கோடில இருக்கற ஏரியாவுக்கும் இன்னொரு கோடில இருக்கறதுக்கும் 16 புள்ளி வித்தியாசம். ஒரு முழு ஏரியாவோட சராசரியே அவ்ளோ தள்ளி இருக்குன்னா அது சின்ன விஷயம் இல்ல. அதனால ஐசிசியை மட்டும் சொல்லிட்டு நிறுத்தாம இந்த ரேஞ்சையும் போடுங்க, படிக்கறவங்களுக்கு இதான் புரியும்.

மாடல் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு மதிப்பீடும் தரும், ஆனா அது நீங்க கையால போட்ட சராசரியா இருக்காது. ஒரு ஏரியாவுல 5 பேர்தான் கிடைச்சாங்க, அவங்க சராசரி 142ன்னா மாடல் அதை 132.5ன்னு சொல்லும். இன்னொரு ஏரியாவுல 50 பேர், சராசரி அதே 142, அங்க 138.7ன்னு சொல்லும். அஞ்சு பேரை நம்பி ஒரு ஏரியாவை மோசம்னு சொல்லாம மொத்த சராசரி பக்கம் இழுத்து வைக்குது, ஆள் அதிகம் இருந்தா இழுப்பு கம்மி. எவ்ளோ நம்பலாம்ங்கற பங்கு 16 ÷ (16 + 304 ÷ ஆளுங்க எண்ணிக்கை), 5 பேருக்கு 0.21, 50 பேருக்கு 0.72, நீங்களே போட்டுப் பாருங்க. இதுக்கு ஷ்ரிங்கேஜ்னு பேர். ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி "மொத இடம், கடைசி இடம்"னு பட்டியல் போடறவங்க கச்சா சராசரியை வச்சுப் போட்டா மேலயும் கீழயும் பெரும்பாலும் சின்ன ஆஸ்பத்திரிங்கதான் வந்து நிக்கும், பெரும்பாலும் காரணம் அதிர்ஷ்டம்தான்.

ஆளோட வேரியபிள்

அடுத்து வயசு, எடை, பாலினம் எல்லாம் சேர்த்து ரெண்டாவது மாடல். இப்போ பார்க்க வேண்டியது வயசோட கோஎஃபிஷியன்ட் (வயசு ஒண்ணு ஏறினா பிபி எவ்ளோ மாறுதுங்கற நம்பர்) மட்டும் இல்ல, அந்த 16 என்ன ஆச்சுன்னு பாருங்க. 10க்கு இறங்கிருச்சுன்னா, ஏரியாக்களுக்கு இடையில இருந்த வித்தியாசத்துல 37.5 சதவீதம் அங்க யாரு குடியிருக்காங்கங்கறதால வந்தது, வயசானவங்க அதிகம் இருக்கற ஏரியாவுல பிபி அதிகமா இருக்கறது இயல்புதானே. மிச்சம் இருக்கற 10தான் இடத்தோட பங்கா இருக்கலாம்னு தேட வேண்டியது, அங்கதான் மூணாவது மாடல்ல பார்க்கைக் கொண்டு வர்றீங்க. "இருக்கலாம்"னுதான் சொன்னேன், நீங்க அளக்காம விட்ட ஆள் விஷயங்களும் அந்த 10க்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

இப்போ நிதானமா படிக்க வேண்டிய இடம். 1950ல வில்லியம் ராபின்சன்ங்கற சமூகவியலாளர் அமெரிக்காவோட 1930 சென்சஸை எடுத்து, வெளிநாட்டுல பிறந்தவங்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார். 48 மாநிலத்தை வச்சுப் பார்த்தா கோரிலேஷன் −0.53, அதாவது வெளிநாட்டுல பிறந்தவங்க அதிகம் இருக்கற மாநிலத்துல படிக்கத் தெரியாதவங்க கம்மி. ஆளை வச்சுப் பார்த்தா +0.12, அதாவது வெளிநாட்டுல பிறந்தவங்களுக்குப் படிக்கத் தெரியாம இருக்கறது கொஞ்சம் அதிகம். குறியே மாறிடுச்சு. காரணம், குடியேறினவங்க ஏற்கனவே எழுத்தறிவு அதிகமா இருந்த மாநிலங்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தாங்க. மாநிலத்தைப் பார்த்து ஆளைப் பத்திச் சொன்னா இப்டித்தான் கவிழும்.

உங்க மாடல்லயும் இதே ஆபத்து இருக்கு. வருமானத்தை ஒரே ஒரு காலமா போட்டா, "ஒரே ஏரியாவுக்குள்ள கொஞ்சம் அதிகம் சம்பாதிக்கறவர்"ங்கற விஷயமும் "பணக்கார ஏரியா"ங்கற விஷயமும் கலந்து ஒரு நம்பரா வரும், அந்த நம்பர் ரெண்டையும் சரியா சொல்லாது. தீர்வு ரொம்ப சிம்பிள்: ஏரியாவோட சராசரி வருமானம்னு ஒரு காலம் செய்யுங்க, ஒவ்வொருத்தர் வருமானத்துல இருந்தும் அவங்க ஏரியா சராசரியைக் கழிச்சு இன்னொரு காலம் செய்யுங்க, ரெண்டையும் மாடல்ல போடுங்க. கழிச்ச காலத்தோட கோஎஃபிஷியன்ட் ஏரியாவுக்குள்ள நடக்கறதைச் சொல்லும், சராசரியோடது ஏரியாக்களுக்கு இடையில நடக்கறதை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சூழலோட பங்கு, ஒரே வருமானம் உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர் பணக்கார ஏரியாவுல இருந்தா என்ன ஆகுதுங்கறது. பொருளாதார அறிஞர் முண்ட்லாக் 1978லயே இந்த மாதிரி சொல்லிட்டார், ஆனா இன்னைக்கும் பாதி பேர் இதைப் பண்றதில்ல, எனக்கு இது உறுத்தும். கழிக்காம அசல் வருமானத்தையும் சராசரியையும் போட்டீங்கன்னா சராசரியோட கோஎஃபிஷியன்ட்டே நேரா அந்த வித்தியாசமா வந்துரும், ரெண்டு வழியையும் கலந்து படிச்சு உளறாம இருந்தா சரி.

ரேண்டம் ஸ்லோப்ங்கறது, மருந்தோட பலன் எல்லா கிளினிக்லயும் ஒரே மாதிரி இல்ல, கிளினிக்குக்கு கிளினிக் மாறுதுன்னு விடறது, அடைப்புக்குள்ள (1 + மருந்து | கிளினிக்)னு ஆகும். காரணம் இருந்தா போடுங்க, சும்மா எல்லாத்துக்கும் போடாதீங்க.

ஆமா இல்லை ரிசல்ட்டா இருந்தா

பொது சுகாதாரத்துல பாதி ரிசல்ட் "தடுப்பூசி போட்டாச்சா இல்லையா" மாதிரிதான், அப்போ லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆமா இல்லை ரிசல்ட்டுக்கான ரெக்ரஷன்). இங்க அடிமட்டத்துக்குன்னு தனி வேரியன்ஸ் வராது, லாஜிஸ்டிக் பரவலோட வேரியன்ஸ் 3.29ஐ (பை ஸ்கொயரை 3ஆல வகுத்தது) அங்க வச்சுக்குவாங்க. ஏரியா வேரியன்ஸ் 0.5ன்னா ஐசிசி 0.5 ÷ 3.79 = 0.13. இந்த நம்பர் யாருக்கும் மனசுல நிக்காது, அதனால மீடியன் ஆட்ஸ் ரேஷியோவைப் (ஆட்ஸ்னா நடக்கற வாய்ப்பை நடக்காத வாய்ப்பால வகுத்தது) போடுங்கன்னு நான் சொல்வேன்: வேரியன்ஸை ரெண்டால பெருக்கி, ஸ்கொயர் ரூட் எடுத்து, 0.6745ஆல பெருக்கி, எக்ஸ்போனன்ஷியல். 0.5க்கு 1.96 வரும். மத்த எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பேரை ரெண்டு ஏரியாவுல இருந்து குத்துமதிப்பா எடுத்தா, வாய்ப்பு அதிகம் உள்ள ஏரியாக்காரருக்கு ஆட்ஸ் நடுவாந்திரமா 1.96 மடங்கு அதிகம்னு அர்த்தம்.

லாஜிஸ்டிக்ல ரெண்டு பொறி. ஒண்ணு, ஆளோட வேரியபிள் சேர்த்ததும் ஏரியா வேரியன்ஸ் குறையாம ஏறவும் ஏறும், 3.29 அசையாம நிக்கறதால மத்த எல்லாமே ஸ்கேல் மாறும், அதனால அந்த "37.5 சதவீதம் குறைஞ்சது" மாதிரி கணக்கை இங்க நம்பி எழுதாதீங்க. ரெண்டு, இதுல வர்ற ஆட்ஸ் ரேஷியோ "ஒரே ஏரியாவுக்குள்ள"ங்கற அர்த்தத்துல வர்றது, ஜிஇஇல வர்றது மொத்த மக்கள் சராசரி, பொதுவா ஜிஇஇ நம்பர் 1க்குப் பக்கமா இருக்கும். ரெண்டும் தப்பில்ல, கேள்விதான் வேற.

சாஃப்ட்வேர் கத்தும்போது

"சிங்குலர் ஃபிட்"னு ஆர் சொன்னா, பெரும்பாலும் ஏதோ ஒரு வேரியன்ஸ் பூஜ்யத்துல போய் ஒட்டிக்கிச்சு, இல்லன்னா இன்டர்செப்ட்டுக்கும் ஸ்லோப்புக்கும் கோரிலேஷன் 1 ஆயிடுச்சு. மொதல்ல ரேண்டம் ஸ்லோப்பைத் தூக்கிப் பாருங்க. கன்வர்ஜ் ஆகலைன்னா (கணக்கு ஒரு விடையில வந்து நிக்கலைன்னா) வருமானம் மாதிரி பெரிய நம்பர்களை ஸ்கேல் பண்ணுங்க, பாதி கேஸ் அதுலயே சரியாகும். ஆர்ல லீனியர் மாடலுக்கு ரெமல் (ரெஸ்ட்ரிக்டட் மேக்ஸிமம் லைக்லிஹுட்ங்கற மதிப்பீட்டு முறை) தான் டீஃபால்ட், ஸ்டேட்டா மிக்ஸட்ல சாதா மேக்ஸிமம் லைக்லிஹுட் டீஃபால்ட், ரெண்டுலயும் பண்ணிட்டு வேரியன்ஸ் ஏன் ஒத்துவரலைன்னு ராத்திரி பூரா முழிச்சிருக்காதீங்க. வேற வேற வேரியபிள் உள்ள மாடல்களை ஒப்பிட ரெமல் உதவாது. எல்எம்இ4 பி வேல்யூவே தராது, அது பக் இல்ல, வேணும்னே விட்டது, லெமர்டெஸ்ட் பேக்கேஜ் போட்டா கிடைக்கும். ஏரியா வேரியன்ஸ் பூஜ்யமான்னு லைக்லிஹுட் ரேஷியோ டெஸ்ட் (ரெண்டு மாடல்ல எது டேட்டாவுக்கு நல்லா பொருந்துதுன்னு ஒப்பிடறது) பண்ணா அந்த பி வேல்யூவைப் பாதியாக்கணும், ஏன்னா வேரியன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழ போகவே முடியாது.

கிளஸ்டர் மொத்தம் ஏழோ எட்டோதான்னா வேற விஷயம். எட்டு நம்பரை வச்சு வேரியன்ஸ் கண்டுபிடிக்கறது நம்பக்கூடிய வேலை இல்ல. லீனியர் மாடல்னா ரெமலோட கென்வர்ட் ரோஜர் திருத்தம் (கிளஸ்டர் கம்மியா இருக்கும்போது ஸ்டாண்டர்ட் எரரைச் சரி பண்றது) போடுங்க, இல்லன்னா ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஒரு டம்மி வேரியபிள் (அந்த கிளஸ்டர்ல இருந்தா 1, இல்லன்னா 0) வச்சுட்டுப் போங்க, ஆனா டம்மி வச்சா பார்க் மாதிரி கிளஸ்டர் வேரியபிளைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. அதைச் சொல்லியே ஆகணும்னா இன்னும் கிளஸ்டர் சேர்க்கணும், இருக்கற கிளஸ்டர்லயே ஆளை ஏத்திக்கிட்டே போறதுல பெருசா லாபமில்ல.

ரிப்போர்ட்ல எத்தனை மட்டம், ஒவ்வொரு மட்டத்துலயும் எத்தனை, கிளஸ்டர்ல குறைஞ்சது அதிகபட்சம் எத்தனை பேர், காலி மாடலோட வேரியன்ஸ், கடைசி மாடலோட வேரியன்ஸ், எந்த சாஃப்ட்வேர் எந்த முறை, இதெல்லாம் டேபிளுக்குக் கீழ குறிப்பா இல்லாம டேபிளுக்குள்ளயே வரணும். நிறைய பேப்பர்ல கோஎஃபிஷியன்ட் மட்டும் போட்டுட்டு வேரியன்ஸ் வரியையே வெட்டிருவாங்க, அப்புறம் எதுக்கு மல்டிலெவல் போட்டாங்கன்னே தெரியாது. பார்க் இருக்கற வரிக்குப் பக்கத்துல 1000ன்னு போடாம 40ன்னு போடுங்க.